பொறிக்கு வழி வகுத்த பெண்மணி ஏடா லவ்லேஸ்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

முன்னுரை

காஞ்சி என்றதும் பட்டு நம் நினைவுக்கு வருகிறது. தென்னேரி என்றதும் கடல்போல் விரிந்த ஏரி நினைவுக்கு வருகிறது. திரையன் என்னும் தொண்டை நாட்டு மன்னன் பெயரால் திரையனேரி என்று வழங்கி, பின்னர் தென்னேரி ஆயிற்று என்று பெரியோர் கூறுவர். ஏரி என்றால் அதற்குக் கலங்கல் உண்டு. நீர் கலங்கலின் மட்டத்தைத் தாண்டினால் மிகுதி நீர் தானே வழிந்தோடும். தாண்டாவிட்டால் ஏரியிலேயே தங்கும். அருகில் நின்று யாரும் ஏவ வேண்டுவதில்லை. இப்படியானால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்னும் கட்டளையை நம் முன்னோர் கல்லிலேயே கட்டி வைத்தனர்.

இன்று எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போன்ற இடங்களில் பெரிய தொழிற்சாலைகள் உள்ளன. அத்தகைய தொழிற்சாலைகளில் இரும்புக் கைகள் பொருளைத் தூக்குகின்றன, திருப்புகின்றன, துளையிடுகின்றன. எவ்வளவு தூரம் நகர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அவற்றை நடத்துவது மோஷன் கண்ட்ரோலர் என்னும் இயக்கக் கட்டுப்படுத்தி. அதற்கு எழுதும் கட்டளைகளுள் முதன்மையானது நிபந்தனைத் தாவல். ஒன்று நடந்திருந்தால் வேறொரு வரிக்குத் தாவு, நடக்காவிட்டால் அடுத்த வரிக்குப் போ என்பதே அதன் பொருள். மின்சார விளக்குகூடப் பரவாத காலத்தில், 1843ஆம் ஆண்டிலேயே, இக்கருத்தைத் தெளிவாக ஆராய்ந்து எழுதிய ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் பெற்றோரும்

ஏடா 1815ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை பைரன் பிரபு, ஆங்கில இலக்கிய உலகில் பெரும்புகழ் பெற்ற கவிஞர். தாய் அன்னபெல்லா, கணிதத்தில் பற்று மிகுந்தவர். குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகும்போதே பெற்றோர் பிரிந்தனர். 1816இல் பைரன் இங்கிலாந்தை விட்டு வெளியேறினார். பின்பு அவர் திரும்பி வரவேயில்லை. கிரேக்க நாட்டின் விடுதலைப் போருக்கு உதவச் சென்ற இடத்தில் 1824இல் நோயுற்று இறந்தார். அப்போது ஏடாவுக்கு வயது எட்டு. தந்தையின் முகத்தைப் பார்த்த நினைவே அவருக்குக் கிடையாது.

தந்தையின் கட்டுக்கடங்காத குணம் மகளுக்கும் வந்துவிடுமோ என்று தாய் அஞ்சினார். கற்பனைக்கு இடம் கொடாமல் கணக்கையும் அறிவியலையும் கற்பித்தால் மகள் நேர்வழியில் நிற்பாள் என்று கருதினார். ஆகவே சிறு வயதிலேயே வீட்டுக்கு ஆசிரியர்களை வரவழைத்துப் பாடம் நடத்தச் செய்தார். எந்த நேரம் எந்தப் பாடம் என்று எல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டது. அந்நாளில் இங்கிலாந்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்திருக்கவில்லை. அத்தகைய காலத்தில் ஒரு சிறுமிக்கு இவ்வளவு கணிதம் கிடைத்தது அரிய பேறுதான். ஆயினும் கணிதத்தைக் கற்பித்ததால் கற்பனை அகன்றுவிடவில்லை. இரண்டும் ஒன்றாகக் கலந்து வளர்ந்தன.

பன்னிரண்டு வயதில் ஏடாவுக்குப் பறக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. மற்றக் குழந்தைகள் போல ஆசைப்பட்டதோடு அவர் நிற்கவில்லை. பறவையின் உடலுக்கும் சிறகுக்கும் உள்ள அளவை ஆராய்ந்தார், எப்பொருளால் சிறகு செய்யலாம் என்று எண்ணிப் பார்த்தார், நீராவியால் பறக்கும் குதிரை ஒன்றையும் கற்பனை செய்தார். 1829இல் தட்டம்மை நோய் அவரைத் தாக்கியது. கால்கள் செயலிழந்தன. நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். பின்னர் ஊன்றுகோல் துணையால் சிறிது சிறிதாக நடக்கக் கற்றார். நோய்ப் படுக்கையிலும் அவர் கல்வியைக் கைவிடவில்லை.

பாபேஜைச் சந்தித்தல்

1833ஆம் ஆண்டு ஜூன் மாதம், பதினேழு வயதில், ஏடா ஒரு விருந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணிதப் பேராசிரியரைச் சந்தித்தார். பாபேஜ் பல்சக்கரங்களால் கணக்கிடும் வித்தியாசப் பொறி ஒன்றை உருவாக்க முயன்று வந்தார். அதன் ஒரு பகுதி மட்டும் முடிந்து அவர் வீட்டில் இருந்தது. ஏடா தம் தாயுடன் சென்று அதைக் கண்டார். வந்தவர்களுள் பலர் அதை விந்தைப் பொம்மையைப் பார்ப்பது போலப் பார்த்துச் சென்றனர். ஏடாவோ அது இயங்கும் முறையை அறிந்துகொள்ள விரும்பினார். அன்று தொடங்கிய நட்பு அவருடைய இறுதிக்காலம் வரை நீடித்தது. மேரி சோமர்வில் என்னும் பெண் அறிஞரும் அவருக்குத் தோழியாகவும் வழிகாட்டியாகவும் விளங்கினார்.

1835இல் ஏடா வில்லியம் கிங் என்பவரை மணந்தார். 1838இல் கணவர் லவ்லேஸ் பிரபு ஆனார். அதுமுதல் ஏடா லவ்லேஸ் சீமாட்டி என்று அழைக்கப்பெற்றார். 1836, 1837, 1839 ஆகிய ஆண்டுகளில் மூன்று குழந்தைகள் பிறந்தன. இல்லறப் பொறுப்புக்கும் உடல் நலக்குறைவுக்கும் இடையே அவர் மீண்டும் கணிதத்துக்குத் திரும்பினார்.

தறியும் அட்டையும்

இதற்கிடையே பாபேஜ் வித்தியாசப் பொறியைவிடப் பெரிய பொறி ஒன்றை எண்ணத்தில் உருவாக்கினார். அதற்குப் பகுப்பாய்வுப் பொறி என்று பெயர். எண்களைச் சேர்த்து வைக்கும் பகுதியைக் களஞ்சியம் என்றும், கணக்குப் போடும் பகுதியை ஆலை என்றும் அவர் அழைத்தார். இப்பொறிக்குக் கட்டளை கொடுப்பது எப்படி? அதற்கான வழி பிரெஞ்சு நாட்டுப் பட்டுத் தறியிலிருந்து கிடைத்தது.

ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவர் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர். 1804ஆம் ஆண்டை ஒட்டி அவர் உருவாக்கிய கருவியை நாம் காஞ்சிபுரத்துத் தறிகளின் மேலே இன்றும் காணலாம். ஜக்கார்டு பெட்டி என்று நெசவாளர் சொல்வது அதுதான். துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டுப் பெட்டியில் தொங்கும். ஓர் அட்டை ஓர் ஊடை இழைக்கு உரியது. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே செல்லும். அதற்குரிய கொக்கி மேலே எழுந்து பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே நிற்கும். நெசவாளர் மிதியை மிதிக்க மிதிக்க அட்டைகள் ஒவ்வொன்றாக நகர, சேலையின் கரையில் மயிலும் அன்னமும் மலர்கின்றன. ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று 1839இல் வெளிவந்தது. அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பாபேஜ் அப்படத்தை வாங்கித் தம் வீட்டில் வைத்திருந்தார்.

ஆனால் தறியின் அட்டைக்கு ஒரு குறை உண்டு. முதல் அட்டைக்குப் பின் இரண்டாவது, இரண்டாவதற்குப் பின் மூன்றாவது என்றே அது செல்லும். கடைசி அட்டை முடிந்தால் மீண்டும் முதல் அட்டை வரும். இடையில் ஓர் இழை அறுந்துபோனாலும் அட்டைக்குத் தெரியாது. பார்ப்பவர் நெசவாளர், தறியை நிறுத்துபவரும் நெசவாளரே. பொறி மட்டும் இருந்து கண் இல்லாத நிலை அது.

டூரின் நகரத்துக் கேள்வி

1840ஆம் ஆண்டு பாபேஜ் இத்தாலியிலுள்ள டூரின் நகருக்கு அழைக்கப்பெற்றார். அங்குக் கூடிய அறிஞர்களுக்குத் தம் பொறியின் படங்களைக் காட்டி விளக்கினார். அப்போது மோசோட்டி என்னும் அறிஞர் ஓர் ஐயத்தை எழுப்பினார். கணக்குப் போடும்போது சில இடங்களில் இரண்டு வழிகள் பிரிகின்றன. எந்த வழியில் செல்வது என்பது அதுவரை போட்ட கணக்கின் விடையைப் பார்த்தால்தான் தெரியும். மனிதன் பார்த்துத் தீர்மானிப்பான். பொறி எப்படித் தீர்மானிக்கும் என்பதே அவருடைய ஐயம். நிபந்தனைத் தாவல் என்று இன்று நாம் சொல்வதன் உள்ளம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியுள்ளது.

இதற்கு வழி இருக்கிறது என்பதை எளிய வகுத்தலைக் கொண்டு நாம் புரிந்துகொள்ளலாம். 30ஐ 7ஆல் வகுக்க வேண்டும். கழித்துக்கொண்டே போனால் 23, 16, 9, 2 என்று வரும். இன்னொரு முறை கழித்தால் விடை சுழிக்குக் கீழே போய்விடும். அப்படிக் கீழே போகும் கணத்தில் சக்கரம் ஒரு நெம்புகோலைத் தட்டும்படி அமைத்துவிட்டால் போதும். நெம்புகோல் எழுந்தால் கழித்தல் நின்று வேறு அட்டை வேலைக்கு வரும். எழாவிட்டால் பழைய அட்டையே திரும்ப வரும். கடைசியாகக் கழித்ததைக் கூட்டிவிட்டால் ஈவு 4, மீதி 2 என்று கிடைக்கும். பொறி சிந்திக்கவில்லை; தன் விடையின் குறியைத் தொட்டறிந்து, முன்பே வகுத்த இரு வழிகளுள் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. ஏரியின் கலங்கலும் இவ்வாறே நீரின் மட்டத்தைத் தொட்டறிகிறது.

மதுரையில் பிறந்த ஆசிரியர்

இக்காலத்தில் ஏடாவுக்கு உயர்கணிதம் கற்பித்தவர் அகஸ்டஸ் டி மார்கன். இவர் 1806ஆம் ஆண்டு நம் மதுரையில் பிறந்தவர் என்பது தமிழராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. குழந்தைப் பருவத்திலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்து சென்றார். பின்னர் லண்டனில் கணிதப் பேராசிரியர் ஆனார். ஏடாவுக்குப் பெரும்பாலும் கடிதங்கள் வழியாகவே பாடம் நடத்தினார்.

டி மார்கன் வகுத்த தருக்க விதியை இன்று நிபந்தனை எழுதுவோர் அனைவரும் பயன்படுத்துகின்றனர். கதவு மூடியிருக்க வேண்டும், பொருளும் தட்டில் இருக்க வேண்டும். இரண்டும் சரியானால் மட்டும் பொறி ஓடலாம் என்று வைத்துக்கொள்வோம். பொறி ஓடக்கூடாத நிலை எது? கதவும் திறந்து பொருளும் இல்லாத நிலை மட்டும் என்று சிலர் எண்ணிவிடுவர். அது தவறு. கதவு திறந்திருந்தாலே போதும், அல்லது பொருள் இல்லாவிட்டாலே போதும், பொறி நிற்க வேண்டும். நிபந்தனையை மறுக்கும்போது 'உம்' என்பது 'அல்லது' ஆகிவிடும் என்பதே அவ்விதி. இதை மறந்து எழுதினால் கதவு திறந்திருக்கும்போதும் இயந்திரம் ஓடும்.

தம் மாணவியின் ஆற்றலைக் கண்டு டி மார்கன் வியந்தார். 1844இல் ஏடாவின் தாய்க்கு எழுதிய கடிதத்தில் அவ்வாற்றல் அரியது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இவ்வளவு கடினமான கணிதத்தைப் பெண்ணின் உடல் தாங்குமோ என்றும் கவலைப்பட்டார். அறிஞர்கள்கூட அவ்வாறு எண்ணிய காலம் அது. ஏடா அதற்கு முந்திய ஆண்டே தம் பணியைச் செய்து முடித்து அச்சிலும் கொடுத்துவிட்டார்.

ஏழு குறிப்புகள்

டூரின் கூட்டத்தில் இருந்த மெனபிரியா என்னும் பொறியாளர் பாபேஜின் பொறியைப் பற்றி 1842இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் பிற்காலத்தில் இத்தாலி நாட்டின் பிரதமரானார். அக்கட்டுரையை ஏடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தாமே ஒரு கட்டுரை எழுதலாமே என்று பாபேஜ் தூண்டியதன்பேரில் விளக்கக் குறிப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார். ஆங்கில எழுத்துகளின் வரிசைப்படி ஏழு குறிப்புகள் எழுதினார். அவை மூலக்கட்டுரையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீண்டன. 1843ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவை அச்சாயின. ஆசிரியர் பெயருக்குப் பதிலாகத் தம் பெயரின் முதலெழுத்துகள் மூன்றை மட்டும் குறிப்புகளின் கீழ் இட்டார்.

பொறி எண்களோடு மட்டும் நிற்க வேண்டுவதில்லை, விதிகளுக்குள் அடங்கும் எதையும், இசையைக்கூட, அது கையாளலாம் என்று முதற்குறிப்பில் எடுத்துரைத்தார். தறி பூவேலை செய்வதற்கும் பொறி இயற்கணிதம் செய்வதற்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். மூன்றாம் குறிப்பில், அட்டைகளைப் பின்னோக்கித் திருப்பி, வேண்டிய தொகுதியை வேண்டிய தடவை மீண்டும் பயன்படுத்தும் முறையை விளக்கினார். நம் தறியின் அட்டைக்கு இல்லாத ஆற்றல் அதுவே.

கடைசிக் குறிப்பு மிகவும் புகழ் பெற்றது. பெர்னூலி எண்கள் என்னும் கடினமான எண்களைப் பொறி எவ்வாறு கணக்கிடும் என்று அதில் 25 செயல்கள் கொண்ட அட்டவணையாகக் காட்டினார். அவ்வட்டவணையில் 13 முதல் 23 வரையுள்ள செயல்கள் திரும்பத் திரும்ப நிகழ வேண்டியவை. எத்தனை தடவை? அதற்கென ஓர் எண் தனியே வைக்கப்பட்டுள்ளது. 7ஆம், 12ஆம், 23ஆம் செயல்களில் அவ்வெண் ஒவ்வொன்றாகக் குறைகிறது. எண் தீர்ந்துவிட்டால் விடையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். தீராவிட்டால் மேலே தொடர வேண்டும். சிறிய கணக்காக இருந்திருந்தால் 7ஆம் செயலுக்கு வரும்போதே வேலை முடிந்திருக்கும் என்பதையும் அவர் கவனித்து எழுதினார். வேலை முடிந்ததா, இல்லையா என்று பொறியே தெரிந்துகொள்ளும் இடம் எது என்பதை அவர் மறக்கவில்லை.

இக்கணக்கில் இயற்கணிதப் பகுதியைத் தாம் செய்து கொடுத்ததாகவும், அதிலிருந்த பெரும்பிழை ஒன்றை ஏடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதாகவும் பாபேஜ் பின்னாளில் தம் நூலில் எழுதினார். ஆகவே யார் எவ்வளவு செய்தார் என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அச்சிட்ட குறிப்புகளின் தெளிவைப் பற்றி வாதம் இல்லை.

இன்னொரு செய்தியையும் நாம் மறக்கலாகாது. பொறி எதையும் தானாகத் தோற்றுவிக்காது, நாம் கட்டளையிட அறிந்ததையே அது செய்யும் என்ற கருத்தை அவர் அங்கே வற்புறுத்தினார். நூறாண்டுக்குப் பின் 1950இல் ஆலன் டூரிங் என்னும் அறிஞர் தம் கட்டுரையில் இக்கருத்தை எடுத்து ஆராய்ந்தார்.

இன்றைய இயக்கக் கட்டுப்படுத்தியில்

ஏடா எழுதிய கருத்து இன்றைய பொறியில் எவ்வாறு செயற்படுகிறது என்று பார்ப்போம். ஓர் இரும்புப் பட்டையில் 50 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு துளைகள் இட வேண்டும். அதற்குரிய கட்டளைகளைத் தமிழில் எழுதினால் இவ்வாறு இருக்கும்:

வரி 10: எண்ணிக்கையைச் சுழியாக வை.
வரி 20: கதவு திறந்திருந்தால் வரி 80க்குத் தாவு.
வரி 30: பட்டையை 50 மில்லிமீட்டர் நகர்த்து.
வரி 40: துளையிடு.
வரி 50: எண்ணிக்கையில் ஒன்று கூட்டு.
வரி 60: எண்ணிக்கை ஆறைவிடக் குறைவானால் வரி 20க்குத் தாவு.
வரி 70: தொடக்க இடத்துக்குத் திரும்பு.
வரி 80: நில்.

எட்டே வரிகள், ஆனால் ஆறு துளைக்குப் பதிலாக அறுநூறு துளை வேண்டுமானாலும் ஓர் எண்ணை மாற்றினால் போதும். தாவல் இல்லாவிட்டால் நகர்த்து, துளையிடு என்று அறுநூறு தடவை எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியவை சில உள்ளன. வரி 60இல் ஆறைவிடக் குறைவு என்பதற்குப் பதிலாக ஆறு அல்லது குறைவு என்று எழுதிவிட்டால் ஏழாவது துளை விழும், பட்டை வீணாகும். எண்ணிக்கை ஆறுக்குச் சமமானால் மட்டும் நில் என்று எழுதினால், ஏதோ காரணத்தால் எண்ணிக்கை ஆறைத் தாண்டிவிட்டபோது பொறி நிற்கவே நிற்காது. வரி 10க்குத் தாவும்படி தவறி எழுதினாலோ ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை சுழியாகிவிடும். அப்போதும் முடிவே இராது.

இவற்றினும் முக்கியமானது வேறொன்று. தாவல் கட்டளை தன் வரி வரும்போது மட்டுமே பார்க்கும். வரி 20இல் கதவு மூடியிருந்தது. பட்டை நகரத் தொடங்கியபின் யாரோ கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினார் என்றால் வரி 20க்கு அது தெரியாது. அது தன் வேலையை முடித்துவிட்டது. ஆகவேதான் ஆளைக் காக்கும் அவசர நிறுத்தப் பொத்தானையும் கதவுப் பூட்டையும் கட்டளை வரிகளை மட்டும் நம்பி விடாமல், மின்விசையையே துண்டிக்கும்படி தனியே இணைக்கிறார்கள். இயந்திரத்தின் முன் நின்று வேலை செய்பவர் நம் அண்ணனாகவோ அக்காளாகவோ இருக்கலாம். அவருடைய விரல்கள் அந்தச் சிறு ஏற்பாட்டை நம்பி இருக்கின்றன. பொறி தீர்மானித்தது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் எழுதியவர் முன்கூட்டித் தீர்மானித்ததையே அது செய்கிறது. அவர் எண்ணிப் பாராத நிலைமை வந்தால் பொறிக்கும் வழி தெரியாது. ஏடா அம்மையார் வற்புறுத்தியது இதைத்தான்.

முடிவில்லாத சுழல்

ஏடாவின் வாழ்க்கையின் பிற்பகுதி துயரம் நிறைந்தது. 1843இல் குறிப்புகள் அச்சாகும் வேளையில், அரசாங்கத்தைக் குறைகூறும் முன்னுரை ஒன்றைப் பெயரில்லாமல் சேர்க்க வேண்டும் என்று பாபேஜ் விரும்பினார். ஏடா உறுதியாக மறுத்தார். பொறியைக் கட்டும் பணியின் நிர்வாகத்தைத் தாம் ஏற்பதாகக் கூறியதைப் பாபேஜ் ஏற்கவில்லை. ஆயினும் நட்பு முறியவில்லை. பொறி மட்டும் கட்டப்படவேயில்லை.

பின்னாளில் அவர் குதிரைப் பந்தயத்தில் பணம் வைக்கத் தொடங்கினார். கணக்கின் துணையால் வென்றுவிடலாம் என்று நம்பினார் என்பர் சிலர். பெருந்தொகையை இழந்தார். குடும்ப நகைகளை அடகு வைக்கும் நிலையும் வந்தது. இவ்வளவு இழந்தால் நிறுத்திவிட வேண்டும் என்ற எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்ளாதவனைச் சூதாட்டம் சுற்றிச் சுற்றி இழுக்கும். பொறிக்கு நிறுத்தும் இடத்தை அவ்வளவு கவனமாக வகுத்தவர் தம் வாழ்வில் அதை வகுக்கத் தவறினார் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் வருந்துகிறது. பெரியோரின் குறையும் நமக்குப் பாடமே. அவரை இகழ்வதற்காக இதை இங்கே கூறவில்லை.

இறுதி நாட்கள்

1852இல் புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. கடும் வேதனையை அனுபவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அவரைப் பார்க்க வந்து, அவர் விருப்பப்படி தம் கதையொன்றில் ஒரு சிறுவன் இறக்கும் பகுதியைப் படித்துக் காட்டினார். 1852ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் ஏடா இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது 36. அவருடைய தந்தையும் அதே வயதில்தான் இறந்தார். தம் விருப்பப்படியே நாட்டிங்காம் பகுதியிலுள்ள ஹக்நால் என்னும் ஊரில், புனித மகதலா மரியாள் ஆலயத்தில், தந்தையின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். வாழ்நாளில் பிரிந்திருந்த தந்தையும் மகளும் இறைவனின் இல்லத்தில் ஒன்றாக உறங்குகின்றனர்.

காலம் தந்த மதிப்பு

பாபேஜ் 1871இல் காலமானார். அதன்பின் நெடுங்காலம் இருவரின் எண்ணமும் உறங்கிக் கிடந்தது. அது எவ்வளவு அரிய எண்ணம் என்பதைப் பிற்காலத்துப் பொறிகளே காட்டுகின்றன. 1941இல் ஜெர்மனியில் கான்ராட் சூசே கட்டிய பொறிக்கு நிபந்தனைத் தாவல் இல்லை. 1944இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய பெரும்பொறிக்கும் முதலில் அது இல்லை. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய கணக்கு வந்தால், துளையிட்ட காகித நாடாவின் இரு முனைகளையும் சேர்த்து ஒட்டிச் சுழல விட்டார்கள். நம் தறியின் அட்டைச் சரம் போன்றதே அதுவும். பொறி சுற்றியது, ஆனால் பார்க்கவில்லை.

1952இல், ஏடா மறைந்து சரியாக நூறாண்டு கழித்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் இயந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். இன்றைய இயக்கக் கட்டுப்படுத்திகள் அந்த வழியில் வந்தவையே. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய கணினி மொழி ஒன்றுக்கு 1979இல் ஏடா என்று பெயர் சூட்டினர். 1980 டிசம்பர் 10ஆம் நாள், அவருடைய பிறந்த நாளிலேயே, அம்மொழியின் தர விதி ஏற்கப்பட்டது. அதற்கு அவர் பிறந்த ஆண்டாகிய 1815 என்ற எண்ணையே கொடுத்தனர். விமானம், தொடர்வண்டி போன்று தவறினால் உயிர் போகும் இடங்களில் அம்மொழி பயன்பட்டு வருகிறது. 1991இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் பாபேஜின் படங்களைக் கொண்டு அவருடைய இரண்டாம் வித்தியாசப் பொறியின் கணக்கிடும் பகுதியைக் கட்டினர். அது பிழையின்றி இயங்கியது. 2009 முதல் ஆண்டுதோறும் ஏடா லவ்லேஸ் நாள் கொண்டாடப்படுகிறது.

முடிவுரை

ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் தாலந்து அளித்திருக்கிறார் என்று நற்செய்தி கூறுகிறது. ஏடா அம்மையார் தமக்குக் கிடைத்த தாலந்தை மண்ணில் புதைக்கவில்லை. தந்தையின் அன்பு கிடைக்கவில்லை, உடல்நலம் கிடைக்கவில்லை, கல்லூரிக் கதவு திறக்கவில்லை, எழுதிய பொறியையும் கண்ணால் காணக் கொடுத்துவைக்கவில்லை. இருந்தும், இல்லாத பொறிக்காக இரவும் பகலும் எண்ணி, அது எங்கே தொடர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று எழுதி வைத்துச் சென்றார்.

இயந்திரங்கள் நம் ஊருக்கு அருகே வந்துவிட்டன. நாளை நம்மில் பலர் அவற்றின் முன் நின்று வேலை செய்வோம். சிலர் அவற்றுக்குக் கட்டளை எழுதுவோம். எழுதுமுன், இது நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன என்று இரண்டு பக்கமும் எண்ணிப் பார்ப்போம். நிறுத்தும் இடத்தை முதலில் வகுப்போம். பொறியின் முன் நிற்கும் மனிதரை மறவாதிருப்போம். கணக்குப் பாடம் பெண்களுக்குக் கடினம் என்று யாரேனும் சொன்னால் ஏடா லவ்லேஸ் அம்மையாரை நினைவு கூர்வோமாக!